"போஷ்" என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? அது கப்பல் டிக்கெட்டிலிருந்து வந்ததா?

ஆடம்பரமான, மேல்தட்டுக்குரிய என்று பொருள். கப்பல் டிக்கெட்டிலிருந்து வரவில்லை.

அந்தக் கதை இது: பி அண்டு ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் பணக்காரர்கள், வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு வாங்குவார்களாம். "போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்" (போகும்போது இடம், ஊர் திரும்பும்போது வலம்) என்பதன் முதல் எழுத்துகளான பி, ஓ, எஸ், எச் டிக்கெட்டில் முத்திரையாக விழுமாம்.

நம்பத் தூண்டும் கதைதான், வெயில் கணக்கு ஓரளவு பொருந்துவதால். செங்கடலில் தெற்கு நோக்கி வரும் கப்பலின் இடப்பக்கத்தில் காலை வெயில் படும். பிற்பகல் வெயில் வலப்பக்கத்தில் இறங்கும். அந்தப் பக்கத்து அறை இரவு படுக்கப் போகும்போதும் சூடு தணிந்திருக்காது. ஏடனிலிருந்து பம்பாய்க்கு வரும்போது இடப்பக்கம் ஏறக்குறைய வடக்கு. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அங்கே நிழல். ஆனால் ஏடன் இருப்பது 13 பாகை வட அட்சத்தில். மே முதல் ஆகஸ்ட் முற்பகுதி வரை அங்கே உச்சிச் சூரியன் வடக்கில்தான் நிற்கும். அந்த மாதங்களில் நிழல் கணக்கு தலைகீழ்.

அதைவிடப் பெரிய ஓட்டை சான்றில் இருக்கிறது. அந்த நான்கு எழுத்து முத்திரை விழுந்த டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கப்பல் நிறுவனத்தின் ஆவணங்களிலும் அப்படியொரு வழக்கம் பதிவாகவில்லை. இந்த விளக்கம் அச்சில் தென்படுவது 1935 வாக்கில்தான். சொல்லோ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 1918 செப்டம்பரில் 'பஞ்ச்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழில் ஒரு கேலிச்சித்திரம்: இளம் விமானப்படை அதிகாரி தன் அம்மாவிடம், பொழுது 'போஷ்' ஆகப் போனது என்கிறான். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்க, 'ஸ்விஷ்' (பகட்டான) என்பதற்குக் கொச்சை என்கிறான். அன்று அது இளைஞர்கள் வாயில் புழங்கிய புதுச் சொல். பெரியவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது; ஆனால் அந்த விளக்கத்தில் கப்பல் இல்லை.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? உறுதியான விடை கிடையாது. எனக்கு வலுவாகத் தோன்றுவது ரோமானி, அதாவது ஐரோப்பாவின் ரோமா மக்கள் பேசும் மொழி வழி. அதில் 'போஷ்' என்றால் பாதி. அரைப் பென்னி நாணயத்தைக் குறித்து, பிறகு 19ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையில் சில்லறைக் காசு, பணம் என்று விரிந்தது. 1890இல் வந்த கொச்சை அகராதி ஒன்றில் பணம், பகட்டாக உடுத்துபவன் என்ற இரு பொருளும் உண்டு. அங்கிருந்து ஆடம்பரத்துக்கு ஓர் எட்டுதான். இந்த ரோமானிச் சொல்லின் வேர் சமஸ்கிருத 'பார்ச்வ', அதாவது பக்கம். நாம் சொல்லும் பாரிசவாயுவில் இருக்கும் 'பாரிச'மும் அதுவே: உடலின் ஒரு பாதி. போஷாக்கு வேறு வேர், ஒலி மட்டுமே ஒத்துப்போகிறது.

முதலெழுத்துக் கதை எதைக் கேட்டாலும் இரண்டைப் பாருங்கள். சொல் எந்த ஆண்டு அச்சில் வந்தது, விளக்கம் எந்த ஆண்டு வந்தது? விளக்கம் பிந்தியது என்றால் சந்தேகப்படலாம். முதலெழுத்துகளைக் கோத்து அதையே ஒரு சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் அபூர்வம். 'நியூஸ்' நான்கு திசைகளின் முதலெழுத்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் தவறு. அது 'நியூ' என்பதன் பன்மை.

பயன்பாட்டில் ஒரு கவனம். நம் ஊரில் 'போஷ் ஏரியா' என்பது பாராட்டு. பிரிட்டனில் ஒருவரையோ அவர் பேச்சையோ அப்படிச் சொன்னால் வர்க்கத்தைச் சுட்டுவதாகும். சிலருக்குச் சுருக்கென்று தைக்கும். எனவே மொழிபெயர்க்கும்போது ஓட்டலுக்கு 'ஆடம்பர' போதும், பேச்சுக்கு 'மேட்டுக்குடி' என்று போட வேண்டும். இந்திய அலுவலகங்களில் நடக்கும் 'போஷ்' பயிற்சி இதிலிருந்து வேறுபட்டது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தைக் குறிப்பது. அது உண்மையாகவே முதலெழுத்துச் சொல்: 'பிரிவென்ஷன் ஆஃப் செக்ஷுவல் ஹராஸ்மென்ட்'.