136 கிலோஹெர்ட்ஸுக்கு வீட்டுத் தோட்டத்தில் லூப் ஆன்டெனா கட்டலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்னத் தோட்டம், அமெச்சூர் வானொலியின் 136 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அலைநீளமோ 2,200 மீட்டர், இதில் லூப் (கம்பியை வளையமாகச் சுற்றிய ஆன்டெனா) எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் தாராளமாகக் கட்டலாம்.

ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில், நாலு அங்குல அகலத்துக்குப் பரப்பி 20 சுற்று கம்பி சுற்றுங்கள், சுமார் ஒரு மில்லிஹென்றி தூண்டல் (இண்டக்டன்ஸ்) வரும். அதை 136-க்கு டியூன் செய்ய ஏறக்குறைய 1,350 பிக்கோஃபாரட் கண்டென்சர் வேண்டும்; பழைய வால்வு ரேடியோவின் இரட்டை கேங் கண்டென்சரின் (ஒரே குமிழில் திரும்பும் இரண்டு டியூனிங் கண்டென்சர்கள்) இரு பகுதிகளையும் இணையாகப் போட்டு, பக்கத்தில் 680 பிக்கோஃபாரட் மைக்கா கண்டென்சர் ஒன்றைச் சேர்த்தால் போதும். ரிசீவருக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள், தனியாக ஒரு சுற்று போட்டு அதிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் டியூனிங்கின் கூர்மை போய்விடும். சரியாகக் கட்டினால் குமிழைத் தொட்ட கையை எடுத்ததுமே டியூனிங் நகரும். எரிச்சல்தான், ஆனால் நல்ல அறிகுறி. குமிழுக்கு நீளமான பிளாஸ்டிக் தண்டு மாட்டுங்கள்.

அப்புறம் லூப்பைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இரைச்சல் ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கும், எனக்கு லூப் பிடிப்பதே அதற்காகத்தான். கோடையில் இடி மின்னலின் இரைச்சலைக் கேட்டு மனம் தளர வேண்டாம், உங்கள் ஊரில் குளிர்காலமான ஜூன், ஜூலையில் முயலுங்கள்.

அனுப்புவது வேறு கதை. 30 மீட்டர் பக்கமுள்ள சதுர லூப்புக்கே கதிர்வீச்சுத் தடை (சக்தி அலையாக வெளியேறுவதைக் குறிக்கும் தடை) ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், கம்பியின் தடை அதைப்போலப் பல நூறு மடங்கு, ஆக நீங்கள் கொடுக்கும் சக்தி பெரும்பாலும் கம்பியைச் சூடாக்கவே போகும்.