குன்னூரில் எலிக்கு அடுக்கு கட்டுவது பற்றித் தங்கச்சிக்கு

தங்கச்சி, பினாங்கிலிருந்து குன்னூருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே வளர்த்த எலிகளை விட்டுவிட்டு வந்ததிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, இங்கே நான்கு வாங்கித் தரலாம் என்றால் கூண்டே கிடைக்கவில்லை, நாமே அடுக்குக் கூண்டு செய்யலாமா, அக்கம்பக்கம் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

நானும் மலேசியாவில் ஈப்போவை விட்டு வந்து பதினான்கு வருடம். கோத்தகிரியில் இருக்கிறேன். பேச்சு நம் பேச்சாக இருந்தாலும் நமக்கு இது வெளிநாடுதான். அதை எனக்கு முதலில் உணர்த்தியது இந்த மலையின் ஈரம். ஈப்போவில் துணி துவைத்துப் போட்டால் மத்தியானம் காய்ந்துவிடும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொங்கினாலும் காயாது. எலி விஷயத்திலும் நீங்கள் பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, இந்த ஈரத்துக்குத்தான்.

நான் முதலில் கட்டியது ப்ளைவுட் அடுக்கு. ஆசாரியை வைத்து அழகாகச் செய்தேன், வார்னிஷ்கூட அடித்தேன். நவம்பர் மழையில் மூலைகளில் பூசணம் பிடித்தது, சிறுநீர் பலகைக்குள் ஊறிவிட்டது. நின்று பார்க்கும்போது எனக்கு நாற்றமே தெரியவில்லை. ஒரு விடிகாலையில் குனிந்து தட்டின் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுபோனபோது கண் எரிந்தது. அதைத்தான் எலிகள் இரவெல்லாம் மூச்சில் இழுத்திருக்கின்றன. சாம்பல் நிறப் பெண் எலி ஒன்று உள்ளங்கையில் உட்கார்ந்து மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. மூக்கைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்திருந்தது. ரத்தம் என்று பதறினேன். அது போர்பிரின் என்கிற நிறமி. உடம்புக்கு முடியாதபோதும் மிரண்டிருக்கும்போதும் எலிக்குக் கண்ணிலும் மூக்கிலும் அப்படி வரும். இங்கே டாக்டர்கள் மாடும் நாயும்தான் அதிகம் பார்க்கிறார்கள், எலி பார்த்துப் பழகியவரைத் தேடிக் கோவைக்குக் கொண்டுபோனேன். பிழைக்கவில்லை. எலிக்கு நுரையீரல்தான் பலவீனம். சிறுநீரின் அமோனியா நெடி ஏறினால் உள்ளே இருக்கிற கிருமி கிளம்பிவிடும்.

அதனால் மரம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஸ்லாட்டட் ஆங்கிள், அதாவது வரிசையாகத் துளை போட்ட இரும்புச் சட்டம் கேளுங்கள், அளவு சொன்னால் வெட்டியே கொடுப்பார்கள். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஐந்தடி உயரம். கீழ்த் தட்டு தரையிலிருந்து ஒரு அடி மேலே இருக்கட்டும், சிமெண்ட் தரை ஈரத்தைக் கக்கும். சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மீதி நான்கடியில் இரண்டு தளம், ஒவ்வொன்றும் இரண்டடி உயரம். ஒரு தளம் ஒன்பது கன அடி வரும். ஒரு எலிக்கு இரண்டு கன அடியாவது வேண்டும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள், அந்தக் கணக்கில் நான்குக்கு ஒரே தளம் போதும். ஆனாலும் இரண்டையும் ஒரு பிவிசி குழாயால் இணைத்துவிடுங்கள். ஏறி இறங்கி ஓடுவதைப் பார்க்க மகளுக்கும் ஆசையாக இருக்கும்.

பாம்புக்குத் தீனியாக எலி வளர்ப்பவர்கள் உயரம் குறைந்த டப்பாக்களை இழுப்பறைபோல நெருக்கி அடுக்குவார்கள். அந்த மாதிரியைப் பார்த்துக் கட்டாதீர்கள். எலி பின்னங்காலில் எழுந்து நின்று உடம்பை நீட்டும். அதற்கு இடமில்லாத பெட்டியில் அதை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சுற்றிலும் அரை இஞ்ச் கண்ணுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிப் பற்றவைத்த கம்பி வலை. கோழி வலை வேண்டாம், கடித்து வளைத்துவிடும். புது வலையை வினிகர் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், வெட்டிய முனைகளை அரம் போட்டு மழுக்குங்கள். தரைக்கு மட்டும் வலை போடவே கூடாது, பாதம் புண்ணாகும். ஆறு இஞ்ச் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு போதும், உருவிக் கழுவலாம். அதில் கிழித்த காகிதமும் பழைய வேட்டித் துணியும் போடுங்கள். ஊட்டியில் ஸ்வெட்டர் மலிவு என்று பழையதை வெட்டிப் போட்டால் நூல் பிரிந்து கால்விரலில் சுற்றிக்கொள்ளும்.

நாற்றத்துக்கு நீலகிரித் தைலம் தெளிக்கச் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். எந்தத் தைலமும் வேண்டாம். சாம்பிராணி, கொசுவர்த்தி, கரிக்கணப்பு எதுவும் அந்த அறையில் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை காகிதம் மாற்றுங்கள், அதுதான் மருந்து.

வாங்கும்போது நான்கும் பெண்ணாக இருக்கட்டும், ஆணோடு சேர்த்து வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். சினையாக இருந்தால் மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும், அரை இஞ்ச் வலையில் குட்டி நுழைந்து வெளியே வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு வெறும் சோறு போதாது. உங்கள் குன்னூரிலேயே 1920களில் மக்காரிசன் என்ற டாக்டர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்றவை நன்றாக வளர்ந்தன, நம் பக்கத்து அரிசிச் சாப்பாடு தின்றவை நோஞ்சானாகின. அவருடைய ஆய்வுக்கூடம்தான் பின்னால் 1958இல் ஹைதராபாத் போனது. என் வீட்டில் கம்பு, ராகி, கோதுமை, பொட்டுக்கடலை, இந்த மலை கேரட், வாரம் இரண்டு முறை வேகவைத்த முட்டை. தானியத்தை எவர்சில்வர் டப்பாவில் பூட்டி வையுங்கள், வயல் எலி வந்தால் நோயையும் கொண்டுவரும்.

அக்கம்பக்கத்துக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், வீட்டுச் சொந்தக்காரருக்கு முதலில். இங்கே கேரட்டையும் உருளைக்கிழங்கையும் எலிக்குப் பறிகொடுப்பவர்கள் நிறைய, அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. நான் எதிர்வீட்டு அம்மாவை உள்ளே கூப்பிட்டு வலையையும் தாழ்ப்பாளையும் காட்டினேன். அவர் பேத்தி இப்போது சாயங்காலம் வந்து பொட்டுக்கடலை நீட்டுகிறாள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். முதலில் தட்டை வாங்குங்கள், அதை அளந்த பிறகு ஆங்கிளை வெட்டச் சொல்லுங்கள். நான் மாற்றிச் செய்து, கால் இஞ்ச் வித்தியாசத்தில் தட்டு நுழையாமல் மேட்டுப்பாளையம் வரை அலைந்தேன்.