தொழில்நுட்பச் செய்திகளும் உங்கள் மகளின் படிப்பும்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் கணினி அறிவியல் படிக்க ஆசைப்படுகிறாள் என்றும், ஆனால் நாள் தவறாமல் வரும் ஆட்குறைப்புச் செய்திகளையும் ‘இனிமேல் நிரல் எழுத ஆளே தேவைப்படாது’ என்ற பேச்சையும் கேட்டுக் கேட்டு, அவளைச் சேர்ப்பதா தடுப்பதா என்று புரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த செய்திகள் அனைத்தையும் படித்துவிட்டே இந்தப் பதிலை எழுதுகிறேன். அந்தச் செய்திகளை ஆதாரமாகக் கொண்டு மகளைத் தடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த மாதமே சூழல் மாறி, மென்பொருள் துறையில் ஆள் பற்றாக்குறை என்று செய்தி வந்தாலும், அதை ஆதாரமாகக் கொண்டு சேர்க்கவும் வேண்டாம் என்றே சொல்வேன். தொழில்நுட்பச் செய்திகளில் பெரும்பகுதி முதலீட்டாளர்களையும் வாடிக்கையாளர்களையும் மனத்தில் வைத்து வெளியாகிறது. ஒரு நிறுவனம் இந்தக் காலாண்டில் என்ன அறிவித்தது என்பதை அது சொல்லும். இன்று பள்ளியை முடிக்கும் ஒரு பெண் பட்டம் பெற்று வரும்போது எந்த வேலையை எப்படிச் செய்வாள் என்பதை அதனால் சொல்ல இயலாது.

நீங்கள் மிகவும் அஞ்சுவது ஆட்குறைப்பைத்தான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 11,000-க்கும் மேற்பட்டோரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் ஏறத்தாழ 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. எண்கள் பெரியவை, வேலை இழந்த குடும்பங்களின் துயரமும் உண்மையானது. ஆனால் இதே நிறுவனங்கள் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எத்தனை பேரைச் சேர்த்திருந்தன என்ற கணக்கு நீங்கள் அனுப்பிய செய்திகள் எதிலும் இல்லை. 2019 முடிவில் சுமார் 45,000 ஊழியர்களைக் கொண்டிருந்த மெட்டா, 2022 செப்டம்பரில் 87,000 பேரைத் தாண்டியிருந்தது. ஆல்பபெட்டில் 2019 முடிவில் ஏறத்தாழ 1,19,000 பேர் இருந்தனர். 2022 முடிவில் அந்த எண்ணிக்கை 1,90,000. நீக்கப்பட்டவர்களைக் கழித்துப் பார்த்தாலும், கொரோனாவுக்கு முன்பு இருந்ததைவிடப் பல்லாயிரம் பேர் கூடுதலாகவே அங்கே வேலையில் இருந்தார்கள்.

இப்படி நடந்ததற்கான காரணமும் மர்மமானதல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் இணையத்தில் செலவிட்ட நேரம் திடீரென உயர்ந்தது. அந்தப் போக்கு அப்படியே நீடிக்கும் என்று நம்பி நிறுவனங்கள் ஆட்களைக் குவித்தன. அமெரிக்க மைய வங்கியின் வட்டி விகிதம் அப்போது பூஜ்யத்தை ஒட்டி இருந்ததால் கடனும் முதலீடும் எளிதாகக் கிடைத்தன. 2022 மார்ச்சில் தொடங்கிய வட்டி உயர்வு 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம் என்ற நிலையை எட்டியபோது, அதுவரை வளர்ச்சி எங்கே என்று கேட்டுவந்த முதலீட்டாளர்கள் லாபம் எங்கே என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். செயற்கை நுண்ணறிவுதான் அந்த வேலைகளை விழுங்கியது என்று இன்று பலரும் பேசுகிறார்கள். மெட்டாவின் முதல் அறிவிப்பு வந்து மூன்று வாரம் கழித்து, 2022 நவம்பர் 30 அன்றுதான் சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வெளியானது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் தாக்கம் கூடிவருவது உண்மைதான். படித்து முடித்தவுடன் முதல் வேலையைப் பெறுவது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. பட்டம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்கள் திணறுகிறார்கள். இதை உங்களிடம் மறைப்பது நியாயமாகாது. ஆனால் இது எப்படிப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கான தகவல். படிக்கவே கூடாது என்பதற்கான காரணமாக இதை நான் கருதவில்லை.

நிரல் எழுதும் வேலை ஒழிந்துவிடும் என்ற அறிவிப்பு, இத்துறை தோன்றிய காலம்தொட்டே வந்துகொண்டிருக்கிறது. 1954-ல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழிக்கான முன்னோட்ட அறிக்கையில், அம்மொழி வந்துவிட்டால் நிரலாக்கமும் பிழை திருத்தமும் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் என்று எழுதியது. 1957-ல் மொழி வந்தது; நிரல் எழுதுவது உண்மையிலேயே பல மடங்கு எளிதானது; எளிதானதாலேயே அதுவரை கணினிக்குக் கொண்டுவரப்படாத கணக்குகளையெல்லாம் மக்கள் கொண்டுவந்தார்கள், நிரலாளர்களின் தேவை பெருகியது. இன்னொரு சான்று நம் காலத்தைச் சேர்ந்தது. 2024-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட, செயற்கை நுண்ணறிவு ஆய்வின் முன்னோடியான ஜெஃப்ரி ஹிண்டன், 2016-ல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து ஆண்டுகளில், மிஞ்சினால் பத்து ஆண்டுகளில், இயந்திரம் அவர்களைவிடச் சிறப்பாகச் செய்துவிடும் என்று வெளிப்படையாகக் கூறினார். மருத்துவப் படங்களைப் படிக்கும் மென்பொருள்கள் அவர் சொன்னபடியே வந்தன, மருத்துவமனைகளில் பயன்பாட்டிலும் இருக்கின்றன. ஆயினும் கதிரியக்க மருத்துவர்கள் போதவில்லை என்ற குறை பல நாடுகளில் இன்றும் கேட்கிறது. ஹிண்டனைவிட அந்தத் தொழில்நுட்பத்தை ஆழமாக அறிந்தவர் அரிது. ஆனால் ஒரு தொழிலில் அன்றாடம் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது தனி அறிவு. அந்த ஆண்டு அவர் பேச்சைக் கேட்டு ஒரு மாணவி தன் விருப்பத் துறையை மாற்றியிருந்தால், அவளுக்கு யார் பொறுப்பேற்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

மென்பொருள் வேலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை உங்கள் மகளும் அறிந்துகொள்ள வேண்டும். விசைப்பலகையில் நிரல் வரிகளைத் தட்டுவது அதில் ஒரு பங்கு மட்டுமே. கேட்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று பிடிபடும்வரை பேசுவது, யாரோ எப்போதோ எழுதிய நிரலைப் படித்து அதன் போக்கை உணர்வது, நேற்று வரை ஓடியது இன்று ஏன் நின்றது என்று தேடுவது, தான் செய்யும் மாற்றம் வேறெங்கே உடைப்பை ஏற்படுத்தும் என்று முன்கூட்டியே யோசிப்பது ஆகியவற்றிலேயே ஒரு நல்ல பொறியாளரின் நாள் பெரிதும் கழிகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகளின் பணிகள் தடைப்பட்டன. பிழையான புதுப்பிப்பை நிறுவனம் விரைவிலேயே திரும்பப் பெற்றுவிட்டது; ஆனால் ஏற்கெனவே முடங்கிய கணினிகளில் பலவற்றை, ஒவ்வொன்றின் முன்னும் மனிதர்கள் அமர்ந்து, குறிப்பிட்ட கோப்பைக் கையால் நீக்கியே மீட்டெடுக்க வேண்டியிருந்தது. நிரலை விரைவாக உருவாக்கித் தரும் கருவிகள் பெருகப் பெருக, அந்த நிரல் சரியா என்று பொறுப்பேற்றுச் சொல்லக்கூடியவர்களின் மதிப்பு உயரும் என்று நான் நம்புவதற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை இருக்கிறது, அது உங்கள் கவலையிலிருந்து வேறுபட்டது. செயற்கை நுண்ணறிவு தங்கள் வேலையைப் பறித்துவிடும் என்பதைவிட, தங்கள் படிப்பைப் பறித்துவிடும் என்று மாணவர்கள் அஞ்ச வேண்டும். முதலாண்டுப் பயிற்சிக் கணக்குகளை அக்கருவியிடம் கொடுத்து, வந்த விடையைப் படித்துப் பார்க்காமலே சமர்ப்பித்துவரும் மாணவன் இறுதியாண்டு வரை மதிப்பெண் பெற்றுவிடுவான். நேர்காணலில் ‘இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்’ என்ற முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொள்வான். பிழையோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் பொழுதுகளில்தான் இத்தொழிலின் அறிவு உருவாகிறது என்பதால், குறைந்தபட்சம் முதல் இரண்டு ஆண்டுகள் தன் கையால் எழுதித் தன் அறிவால் திருத்தும் பழக்கத்தை உங்கள் மகள் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். அது தரும் விடையில் தவறு இருந்தால் கண்டுபிடிக்கும் தகுதி அப்போது அவளுக்கு வந்திருக்கும்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டபோது, எதிர்காலமே மெட்டாவெர்ஸ் எனும் முப்பரிமாண இணைய உலகம்தான் என்று பேசினார்கள். அதற்கெனச் சான்றிதழ் படிப்புகளும் முளைத்தன. அந்த ஆரவாரம் அடங்க ஓரிரு ஆண்டுகளே ஆயின. அதே வேளையில், கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட, தரவுகளை அட்டவணைகளாக அடுக்கிவைக்கும் தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாடு இன்றைக்கும் வங்கிகளிலும் கடைகளிலும் ஓடும் எண்ணற்ற மென்பொருள்களின் அடித்தளமாக இருக்கிறது. 1983 தொடக்கத்தில் இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்ப்பாநெட் ஏற்றுக்கொண்ட, கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் விதிகளான டிசிபி-ஐபி நெறிமுறையின் மீதுதான் இன்றைய இணையம் இயங்குகிறது. 1959-ல் வடிவமைக்கப்பட்ட கோபால் (COBOL) என்ற நிரல்மொழி தெரிந்தவர்கள் தேவை என்று 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். ஆகவே நீங்கள் கல்லூரிகளைப் பார்க்கும்போது, தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலையமைப்பு, தரவுத்தளம், நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றை எந்தப் பருவத்தில், எத்தனை மணி நேரம், யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். இவற்றைச் சுருக்கிவிட்டு அந்தந்த ஆண்டின் பரபரப்பான தலைப்புகளால் பாடத்திட்டத்தை நிரப்பியிருந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த நிரல்மொழியை முதலில் கற்பது என்பது பெரிய விஷயமே இல்லை; பைத்தானில் தொடங்கினால் போதும்.

அலுவலகச் சூழல் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பெற்றோர் பலரும் சம்பளத்தை மட்டுமே விசாரிக்கும்போது நீங்கள் இதைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஒரே பதவி, ஒரே சம்பளம் கொண்ட இரண்டு அலுவலகங்கள் ஒரு மனிதரின் வாழ்வை முற்றிலும் வேறு வேறாக ஆக்கிவிட முடியும். சீனாவின் சில தொழில்நுட்ப நிறுவனங்களில் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்ற ‘996’ வழக்கம் பெருமையாகவே பேசப்பட்டது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அதைச் சட்டவிரோதம் என்று தெளிவுபடுத்தியது. பிரான்சில் அலுவல் நேரத்திற்குப் பிறகு வேலைத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை 2017 ஜனவரி முதல் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, ஒவ்வொரு குழுவிலும் குறிப்பிட்ட பங்கினரைக் கடைசித் தரத்தில் தள்ளியே ஆக வேண்டும் என்ற மதிப்பீட்டு முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. சக ஊழியருக்கு உதவினால் தன் தரம் இறங்கும் என்ற நிலையில் யாரும் யாருக்கும் கற்றுத்தர மாட்டார்கள் என்பதால், அது நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு, கற்றுத்தருகிற மூத்தவர்கள் இருக்கும் குழுவில் இடம் கிடைப்பது சம்பளத்தைவிட முக்கியம். நல்ல குழுக்களில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் கருத்துச் சொல்வார். எப்போதும் முதல் மதிப்பெண் பெற்றுப் பழகிய மாணவர்களுக்கு, தாங்கள் எழுதியது ஏகப்பட்ட திருத்தங்களோடு திரும்பி வருவது ஆரம்பத்தில் அவமானமாகத் தோன்றும். அது இத்தொழிலின் அன்றாட நடைமுறை என்று முன்கூட்டியே மகளிடம் சொல்லி வையுங்கள். நேர்காணலின் முடிவில் ‘எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்பார்கள். அப்போது, ‘கடைசியாக ஒரு பெரிய கோளாறு ஏற்பட்டபோது அதன் பிறகு என்ன செய்தீர்கள்’ என்று அவள் கேட்க வேண்டும். அந்தக் கோளாறு நேர எந்த நடைமுறை இடம் கொடுத்தது என்று ஆராய்ந்ததை அவர்கள் விவரித்தால், அது நம்பிச் சேரக்கூடிய இடம். யார் செய்தது, அவரை என்ன செய்தோம் என்றே பதில் தொடங்கினால், வேறு வாய்ப்பு கையில் இருக்கும்போது அங்கே சேர வேண்டியதில்லை. இரவில் அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறை வருமா, எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வரும், மறுநாள் ஓய்வு உண்டா என்பதையும் தயங்காமல் கேட்கலாம்.

சேர்க்கைக்கு இன்னும் அவகாசம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் உங்கள் மகள், தனக்குத் தேவைப்படும் சிறிய மென்பொருள் ஒன்றை, வீட்டுச் செலவுக் கணக்கோ படித்த புத்தகங்களின் பட்டியலோ, எந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியும் இன்றித் தானே எழுதிப் பார்க்கட்டும். அது கட்டாயம் பாதியில் நின்றுபோகும். அப்போது அவள் எரிச்சலோடு மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறாளா, அல்லது சாப்பிடும்போதும் அதையே யோசித்து மறுபடி போய் உட்காருகிறாளா என்று, நீங்கள் எதுவும் சொல்லாமல், கவனித்துக்கொண்டிருங்கள். முதல் வகை என்றால், துறை எவ்வளவு செழித்தாலும் இந்தப் படிப்பு அவளுக்கு வேண்டாம் என்று நானே சொல்வேன், வேறு வழிகளையும் காட்டுவேன். இரண்டாவது வகை என்றால், நீங்கள் பரிசீலித்துவரும் கல்லூரிகளின் முழுப் பாடத்திட்டங்களையும் எடுத்துக்கொண்டு இருவருமாக வாருங்கள். அவற்றில் எது அவளுக்குப் பொருந்தும் என்று பக்கம் பக்கமாகச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கல்வி ஆலோசகர்