தட்டிப் பார்த்தவர்

அன்புள்ள ஐயா,

ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதையை வகுப்பில் சொன்னேன். சிறுவர்கள் ஒரு மரக்கட்டையின் முனையில் ஊசியால் கீறி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டு விளையாடியதை பிரெஞ்சு மருத்துவர் லேனெக் பார்த்தார், யோசனை பிறந்தது என்று. உடனே ஒரு மாணவி, "அப்போ அதிர்ஷ்டம் இருந்தா யாரு வேணும்னாலும் கண்டுபிடிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

– ஓர் அறிவியல் ஆசிரியை, தென்காசி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவியைப் பாராட்டினேன் என்று சொல்லுங்கள்.

சிறுவர்கள் கதை மற்றவர்கள் சொல்வது. 1819இல் வெளியிட்ட தன் நூலில் லேனெக், எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஒலி உண்மை ஞாபகத்துக்கு வந்தது என்று மட்டுமே எழுதுகிறார். 1816இல் பாரிஸில், இதய நோய் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். உடல் பருமனால் மார்பைத் தட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. காதை வைத்துக் கேட்கவோ லேனெக்குக்குத் தயக்கம். காகிதங்களை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அந்தப் பெண்ணின் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். இதயத் துடிப்பு அதுவரை கேட்டிராத தெளிவோடு கேட்டது.

அந்தத் 'தட்டிப் பார்த்தும்' என்பதை விட்டுவிடாதீர்கள். எனக்கு லேனெக்கைவிட நெருக்கமானவர் அங்கேதான் இருக்கிறார்.

லியோபோல்ட் அவென்புருகர், 1722இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிறந்தவர். அப்பா விடுதி நடத்தினார். மதுப் பீப்பாயில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வெளியே தட்டியே கண்டுபிடிப்பார்கள். காலியான இடம் அதிரும், நிறைந்த இடம் மந்தமாக ஒலிக்கும். அந்தப் பழக்கமே அவருக்கு வழிகாட்டியது என்பார்கள். வியன்னாவில் மருத்துவரானதும் நோயாளிகளின் மார்பைத் தட்டினார். அதோடு விட்டாரா? ஏழு வருடம் கவனித்தார். இறந்தவர்களின் மார்புக்குள் நீரைச் செலுத்தித் தட்டி, ஒலி மாறுகிறதா என்று சோதித்தார். 1761இல் சிறு நூலாக வெளியிட்டார். பெரும்பாலான மருத்துவர்கள் கண்டுகொள்ளவில்லை.

1808இல் பிரெஞ்சு மருத்துவர் கோர்விசார் அதை மொழிபெயர்த்தார். அதைத் தன் பெயரிலேயே போட்டுக்கொண்டிருக்கலாம் என்று அவரே முன்னுரையில் எழுதி, பெருமையை அவென்புருகருக்கே கொடுத்தார். அந்த முன்னுரையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறையும். மறு வருடமே அவென்புருகர் காலமானார். லேனெக் இந்தக் கோர்விசாரின் மாணவர்.

என் அப்பாவுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தபோது, வயதான டாக்டர் ஒருவர் அவர் முதுகில் இடது நடுவிரலை அழுத்தி வைத்து, வலது நடுவிரலால் அதன் மேல் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். டொங், டொங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் சட்டென்று 'தொப்' என்று மாறியது. "இதுவரைக்கும் தண்ணி" என்று பேனாவால் கோடு போட்டார். அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயும் அதையே காட்டியது.

பீப்பாயைத் தட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்திருப்பார்கள். மூச்சு வாங்கும் நோயாளியின் முன்னால் நின்று, 'உள்ளே என்ன இருக்கிறது' என்று தவித்தவருக்கே அது உதவியது. மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். சொல்வதோடு நிறுத்த வேண்டாம். பெரிய எண்ணெய் டின் ஒன்றில் பாதிவரை தண்ணீர் ஊற்றி மூடி, வகுப்புக்குக் கொண்டுபோங்கள். மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்து, தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று அவளையே சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். எவ்வளவு சரியாகப் போட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.