மூன்று வரி ஃபங்ஷனுக்கு ஸ்டாண்டர்டு லைப்ரரியில் இடம் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் சி மொழி புராஜெக்டில், உறுப்புகளின் எண்ணிக்கையை ஓர் உறுப்பின் அளவால் பெருக்கி, நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் (malloc) ஃபங்ஷனிடம் கொடுக்கும் வரி எங்கு பார்த்தாலும் இருக்கிறது. பெருக்கலைச் சரிபார்த்த பிறகே நினைவகம் வாங்கித் தரும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். இது ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே இருக்கவேண்டும் என்றால், "மூன்று வரிதானே, வேண்டியவர் எழுதிக்கொள்ளட்டும்" என்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் தப்பாக எழுதுகிறார்கள். உங்கள் வாதம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

32 பிட் கணினி ஒன்றில் உங்கள் புரோகிராம் வெளியாள் தந்த ஃபைலைப் படிக்கிறது. அதன் தலைப்பகுதி, உறுப்புகள் 1073741825 என்கிறது. ஒவ்வொன்றும் 4 பைட். பெருக்கினால் 4294967300 வரவேண்டும். 32 பிட்டில் 4294967295 வரைதான் கொள்ளும்; தாண்டினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மிஞ்சுவது வெறும் 4. மாலாக் மறுபேச்சில்லாமல் நான்கு பைட் தந்துவிடும், பிழை என்று ஒன்றும் வராது. அடுத்து வரும் லூப் நூறு கோடிக்கும் அதிகமான உறுப்புகளை அங்கே எழுதத் தொடங்கும். ஃபைலைத் தந்தவர் உங்கள் நினைவகத்தில் கை வைக்க இந்த ஓட்டை போதும்.

பெருக்கி முடித்து விடையைப் பார்ப்பதில் பயனில்லை, விடையே பொய். வகுத்துப் பார்க்கவேண்டும். சைஸ் மேக்ஸை (SIZE_MAX, அளவைக் குறிக்கும் எண்ணில் கொள்ளும் உச்ச மதிப்பு) எண்ணிக்கையால் வகுத்து வருவது உறுப்பின் அளவைவிடச் சிறியதென்றால் மறுத்துவிட வேண்டும். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் வகுக்கவே கூடாது. அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். மூன்று வரிக்குள் இத்தனை இருக்கும்போது அதை ஒரே இடத்தில் சரியாக எழுதி வைப்பதற்குத்தானே லைப்ரரி?

நீங்கள் கேட்பது ரீஅலாக்அரே (reallocarray) என்ற பெயரில் இருக்கவே இருக்கிறது. 2014-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 5.6 பதிப்பில் வந்தது, 2017-இல் லினக்ஸில் பரவலாக உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.26 பதிப்பில் சேர்ந்தது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024 பதிப்பிலும் இடம் பிடித்தது. சி மொழித் தரத்தின் சி23 பதிப்பில் இன்னும் இல்லை. உங்கள் தளத்தில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே வாங்கிய இடத்தின் பாயின்டரைக் கொடுத்தால் அதன் அளவை மாற்றும்; நல் (NULL) பாயின்டரை, அதாவது எந்த இடத்தையும் சுட்டாத முகவரியை, கொடுத்தால் மாலாக் போலவே புதிதாக இடம் வாங்கித் தரும். "காலாக் (calloc) இருக்கிறதே" என்பார்கள். அதுவும் எண்ணிக்கையையும் அளவையும் வாங்கிக்கொண்டு நினைவகம் தரும் ஃபங்ஷன்தான். இன்றைய காலாக் பெருக்கலைச் சரிபார்க்கிறது, உண்மைதான். ஆனால் இடம் முழுவதையும் பூஜ்யமாக்கித் தரும், இருக்கும் அரேயை (உறுப்புகளின் வரிசையை) பெரிதாக்கவும் அதனால் முடியாது.

வேறொரு லைப்ரரியில் சேர்க்கச் சொல்வதானால், தட்டச்சு மிச்சமாகும் என்று மட்டும் வாதாடாதீர்கள். உங்கள் கோடில் பழைய வரி ஒன்றையும் மாற்றிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். பழைய வரி எந்த எண்ணுக்கு உடைகிறது என்பதை டெஸ்டாகவே கொடுங்கள். நான் ஒரு கோரிக்கையைப் படித்தால் முதலில் தேடுவது அந்த டெஸ்டைத்தான்.

அடுத்தது ஓரங்கள். தோற்றால் நல் திரும்ப வேண்டும், பழைய இடம் அப்படியே இருக்கவேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அளவு பூஜ்யமானால் என்ன ஆகும்? இதை மழுப்பாதீர்கள். வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்கில் (realloc) இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு பதில் வைத்திருந்தது. கடைசியில் சி23 அதை வரையறுக்கப்படாத நடத்தை (என்ன நடக்கும் என்று தரம் எதையும் உறுதி தராதது) என்றே அறிவித்துவிட்டது. பெயரிலும் கவனம் வேண்டும்: மெம் (mem), எஸ்டிஆர் (str) என்று தொடங்கிச் சிறிய எழுத்தில் தொடரும் ஃபங்ஷன் பெயர்களை சி தரம் தன் எதிர்காலத் தேவைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது.

உங்கள் ஃபங்ஷனாலும் தடுக்க முடியாத தவறு ஒன்று உண்டு. திரும்பி வருவதை அதே பாயின்டரில் போட்டு, அது நல் (NULL) ஆக இருந்துவிட்டால், பழைய இடத்தின் முகவரி தொலைந்துபோகும். அதை விடுவிக்க வழியே இராது. ஆகவே ஆவணத்தில் நீங்கள் தரும் முதல் எடுத்துக்காட்டே, விடையைத் தற்காலிக பாயின்டரில் வாங்கி, சரிபார்த்து, பிறகு மாற்றுவதாக இருக்கட்டும். அதைத்தான் எல்லோரும் நகலெடுப்பார்கள்.