1988-ஆம் ஆண்டு பேஸ்பால் அட்டைகள் பெட்டி நிறைய இருந்தும் ஏன் விலை போவதில்லை?

அமெரிக்காவில் கிரெய்க்ஸ்லிஸ்ட், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற உள்ளூர் விற்பனைத் தளங்களில் பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்பதற்கான அட்டைகள் நிறைந்த இத்தகைய பெட்டிகள் அடிக்கடி தென்படும். 1980-களின் பிற்பகுதி முதல் 1990-களின் முற்பகுதி வரை அச்சான அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் 'ஜங்க் வாக்ஸ்' (குப்பை மெழுகு) என்பார்கள். பல அட்டைகள் மெழுகுத்தாள் உறையில் விற்கப்பட்டதால் வந்த பெயர் அது. பழைய அட்டைகளுக்கு நல்ல விலை கிடைப்பதைக் கண்டு நிறுவனங்கள் அளவின்றி அச்சடித்தன. வாங்கியவர்களோ எதிர்காலச் சேமிப்பு என்று நம்பி அவற்றைப் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். ஊரில் எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் முருங்கை காய்த்தால் சந்தையில் அதை யார் வாங்குவார்?

மாறாக, டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த அட்டைகள் குறைவாகவே எஞ்சின, அவற்றுள்ளும் கசங்காதவை மிகச் சில. நேரில் வாங்கும்போது அட்டையை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: மூலையில் வெள்ளை நார் லேசாகத் தெரிந்தாலே விலை வெகுவாகக் குறைந்துவிடும். உள்ளூரில் வாங்குவதன் பெரிய நன்மையே, பணம் கொடுக்கும் முன் இப்படிப் பார்க்க முடிவதுதான்.

தளத்தில் விற்பவர் குறிப்பிடும் தொகையையே அட்டையின் மதிப்பு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்; உண்மையில், அதே நிலையிலுள்ள அட்டை அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியதோ அதுவே அதன் மதிப்பு.