தோற்றவருக்குக் கப்பம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரணைச் சுத்தம் செய்தபோது 2003இல் வாங்கிய ரிலையன்ஸ் போன் கிடைத்தது. சிம் போட இடமே இல்லாத சிடிஎம்ஏ போன். இதுதான் உயர்ந்த தொழில்நுட்பம் என்று விற்றவர் அன்று சத்தியம் செய்தார். பிறகு ஏன் ஜிஎஸ்எம்மிடம் தோற்றது?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

விற்றவர் சொன்னது முழுப் பொய்யல்ல. தோற்றது எது என்பதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு.

ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ இரண்டும் செல்பேசிகள் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளும் முறைகள். ஜிஎஸ்எம், குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பது போன்றது. ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் நேரம் பிரித்துக்கொள்வார்கள். சிடிஎம்ஏவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஆளுக்கொரு குறியீடு இருப்பதால் குரல்கள் பிரிந்துவிடும். இதைச் செல்பேசிக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்துக் குவால்காம் நிறுவனம். ஆனால் அது தன் முறையை நடத்திக் காட்டியதே 1989இல். ஐரோப்பியர்கள் 1987லேயே கோபன்ஹேகனில் கையெழுத்திட்டு ஜிஎஸ்எம் பக்கம் திரண்டுவிட்டார்கள். பல நாடுகளுக்கும் ஒரே தரநிலை என்பதால் விலை இறங்கியது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடும் வசதி வேறு. கடைத்தெருவில் கதை அத்தோடு முடிந்தது.

நீதிமன்றத்தில் முடியவில்லை. மூன்றாம் தலைமுறைக்கு வந்தபோது ஜிஎஸ்எம் முகாமே குறியீட்டு முறைக்கு மாறியது. அதற்கு வைத்த பெயர் டபிள்யூசிடிஎம்ஏ. பெயரிலேயே எதிராளி உட்கார்ந்திருக்கிறார்! குறியீட்டு முறைக்கான காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த குவால்காம், என் முறையோடு ஒத்துப்போகும்படி மாற்றாவிட்டால் உரிமம் கிடையாது என்றது. ஜிஎஸ்எம் முகாமின் ஸ்வீடன் நிறுவனமான எரிக்சனும் குவால்காமும் 1996 முதலே வழக்காடிக்கொண்டிருந்தன. குறியீட்டின் துடிப்பு வினாடிக்கு ஐரோப்பியர் கேட்ட 40.96 லட்சமா, குவால்காம் கேட்ட 36.864 லட்சமா என்பதுகூடச் சண்டை. கடைசியில் ஐரோப்பியத் தரப்பு 38.4 லட்சத்துக்கு இறங்கியது. பொறியியலா, புடவைக் கடைப் பேரமா என்று எனக்கு இன்றும் சந்தேகம். 1999 மார்ச்சில் சமரசம் ஆனது. குவால்காமின் கட்டமைப்புக் கருவிப் பிரிவையே எரிக்சன் வாங்கிக்கொண்டது.

ஆக, வென்ற முகாமின் 3ஜி போன்களும் தோற்றவருக்கு ராயல்டி கட்டின. அதுவும் சிப்பின் விலையில் அல்ல, போனின் விலையில் கணக்கு. கதவு செய்த தச்சர் வீட்டு விலையில் பங்கு கேட்பது போன்ற கணக்கு இது. ஆப்பிள் 2017இல் குவால்காம் மீது வழக்குத் தொடுத்து 2019இல் சமரசத்துக்கு வந்தது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குவால்காம் மீது தொடுத்த வழக்கும் 2020இல் மேல்முறையீட்டில் தோற்றது. தீர்ப்பு எப்படியிருந்தாலும் அந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை.

எதிர் முகாமும் சாமியார் மடமல்ல. மோட்டரோலா தன் ஜிஎஸ்எம் காப்புரிமைகளை, பதிலுக்குக் கொடுக்கக் காப்புரிமை வைத்திருந்தவர்களோடுதான் தாராளமாகப் பகிர்ந்துகொண்டது.

பழைய போனை எறிந்துவிடாதீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் குவால்காம் முத்திரை இருக்கலாம்.